சதுக்கத்து அடுப்புகள்

டெக்ஸாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரத்துக்கு முதல்முறை வருகிறவர் அங்கே எந்த மெக்சிகோ உணவகத்துக்குள் நுழைந்தாலும் பெரும்பாலும் ஒரே தட்டைத்தான் காண்பார். மிளகாய்க் குழம்பில் தோய்ந்த இரண்டு என்சிலாடா, அவற்றின்மேல் உருகிப் படர்ந்த மஞ்சள் பாலாடைக்கட்டி, பக்கத்தில் தக்காளி நிறம் ஏறிய சோறு, வேகவைத்து மசித்த பீன்ஸ் பயறு. இந்தத் தட்டைப் பார்த்ததும் இரண்டு விதமான எண்ணங்கள் எழுகின்றன. விவரம் அறியாதவர், மெக்சிகோவையே ருசித்துவிட்டதாக மகிழ்கிறார். மெக்சிகோவுக்குள் பயணம் செய்தவரோ, அமெரிக்க நாக்குக்காக மாற்றப்பட்ட போலி இது என்று ஒதுக்குகிறார். இரண்டு எண்ணங்களும் தவறு என்று நினைக்கிறேன். அந்தத் தட்டு சான் அன்டோனியோவின் சொந்தத் தட்டு. அதன் வடிவத்தைத் தீர்மானித்ததில் சமைத்தவர்களின் கைகளுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, வெளியிலிருந்து வந்து உண்டவர்களின் முதல் எண்ணங்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. அசலா போலியா என்று கேட்டுக்கொண்டிருந்ததில் வேறொரு கேள்வி நெடுங்காலம் கேட்கப்படாமலே போயிற்று. அடுப்பு யாருடையதாக இருந்தது, எப்போது அது அவர்கள் கையைவிட்டுப் போயிற்று என்பதே அக்கேள்வி.

முதலில் ஊரின் வயதைப் பார்க்க வேண்டும். ஸ்பானியர் 1718இல் அங்கே ஒரு மிஷனையும் ஒரு படைத்தளத்தையும் நிறுவினர். 1731இல் கனேரித் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் அதை முறையான நகரமாக்கின. 1821 வரை அது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. 1836 வரை மெக்சிகோவின் நகரம். பிறகு ஒன்பது ஆண்டுகள் டெக்ஸாஸ் குடியரசின் நகரம். 1845இல் அமெரிக்க ஒன்றியத்துக்குள் வந்தது. ஆக, அமெரிக்கக் கொடி அங்கே ஏறியபோது ஊருக்கு வயது நூற்றிருபதைத் தாண்டிவிட்டது. பிற அமெரிக்க நகரங்களில் சீன உணவகமும் இத்தாலிய உணவகமும் குடிபெயர்ந்தவர்களின் மூட்டையோடு வந்து சேர்ந்தவை. சான் அன்டோனியோவில் மெக்சிகோ சமையல் அப்படி எங்கிருந்தும் வரவில்லை. ஊர் தோன்றிய நாளிலிருந்து அங்கேயே இருந்தது. எல்லைக்கோடுதான் நகர்ந்தது. கோடு நகர்ந்ததால், தெஹானோக்கள் எனப்படும், ஊரின் பழைய மெக்சிகோ வழிக் குடிமக்கள் தம் சொந்த ஊரிலேயே அந்நியரானார்கள். அவர்களுடைய அன்றாடச் சாப்பாடு 'வேற்று நாட்டு உணவு' என்ற பெயரை ஏற்றது. இந்த ஒரு மாற்றத்தை மனத்தில் இருத்தாமல் அந்நகரத்து உணவகங்களின் கதையைப் புரிந்துகொள்ள முடியாது.

அந்தச் சாப்பாட்டின் அடித்தளம் மக்காச்சோளம். உலர்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் நீக்கி அரைப்பது மத்திய அமெரிக்கப் பழங்குடிகளின் மிகப் பழைய அறிவு. அப்படிச் செய்தால்தான் மாவு ஒட்டும் பதத்துக்கு வரும்; சோளத்தில் அடைபட்டிருக்கும் ஊட்டச்சத்தும் உடலுக்குக் கிடைக்கும். அரைக்கும் கல்லுக்கு மெத்தாத்தே என்று பெயர். நம் அம்மியைப் பார்த்தவருக்கு அதை விளக்கத் தேவையில்லை. முழந்தாளிட்டு இரு கைகளாலும் குழவியை முன்னும் பின்னும் தள்ளி அரைப்பார்கள். அந்த மாவைத் தட்டிச் சுட்டால் டார்ட்டியா. உள்ளே மிளகாயில் வெந்த இறைச்சியை வைத்து, சோளக்கதிரின் மடலில் பொதிந்து ஆவியில் வேகவைத்தால் தமாலே, ஏறக்குறைய நம் காரக் கொழுக்கட்டையின் உறவு. மிஷன்கள் வெட்டிய பாசனக் கால்வாய்கள் சோளத்தையும் பயற்றையும் விளைவித்தன. அவற்றின் மேய்ச்சல் நிலங்கள் மாட்டிறைச்சியைத் தந்தன. சான் அன்டோனியோவின் சமையலில் இறைச்சி மேலோங்கியிருப்பதற்கு அமெரிக்கர் வருகை காரணமில்லை. அது வடக்கு மெக்சிகோவின் மேய்ச்சல் பூமியோடு சேர்ந்த சமையல். தெற்கிலுள்ள ஓஹாகாவின் சமையலோடு ஒப்பிட்டு அதைக் குறைசொல்வது பொருந்தாது.

கோதுமை டார்ட்டியாவைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். சோளத்தில் செய்ததே அசல், கோதுமையில் செய்தது கலப்படம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆனால் மெக்சிகோவின் வடமாநிலங்களில் கோதுமை டார்ட்டியா தலைமுறைகளாக வீட்டு உணவு. சான் அன்டோனியோவில் அதற்கு மேலும் ஒரு துணை கிடைத்தது. ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய குந்தர் என்பவர் 1859இல் ஆற்றங்கரையில் மாவு ஆலை வைத்தார். அந்த ஆலையின் மாவு அந்நகரத்து வீடுகளில் நுழைந்தது. மசாலாவைப் பார்த்தாலும் இப்படிப்பட்ட கூட்டுறவுதான். மிளகாய் மெக்சிகோ மண்ணின் பிள்ளை. போர்த்துகீசியர் வழியாகக் கடல் கடந்து நம் மண்ணுக்கு வந்து, மிளகின் பெயரையும் வாங்கிக்கொண்டு நம் சமையலில் அமர்ந்ததும் அதே மிளகாய்தான். சீரகம் அதற்கு எதிர்த்திசையில், பழைய உலகிலிருந்து ஸ்பானியரோடு அமெரிக்கா போனது. மிளகாயும் சீரகமும் பூண்டும் மாட்டிறைச்சியோடு ஒரே சட்டியில் கொதிக்கும் மணம் டெக்ஸாஸ் மெக்சிகோ சமையலின் அடையாளமாயிற்று. தெற்கு மெக்சிகோவில் சீரகம் இவ்வளவு கைதாராளமாக விழுவதில்லை. வேறுபாடு உண்மைதான். ஆனால் அது ஒரு வட்டாரத்துக்கும் இன்னொரு வட்டாரத்துக்கும் இடையிலான வேறுபாடு.

இந்தச் சமையல் வீட்டைவிட்டு வெளியே வந்து விற்பனைக்கு நின்ற இடம் நகரத்தின் சதுக்கங்கள். சான் ஃபெர்னாண்டோ தேவாலயத்தின் பின்புறம் உள்ள மிலிட்டரி பிளாசா பகலில் காய்கறி, விறகு, வைக்கோல் விற்கும் சந்தை. கடற்கரைத் துறைமுகத்துக்கும் மெக்சிகோவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்ற மாட்டுவண்டிகள் அங்கே வந்து நின்றன. அந்த வண்டித்தொழில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர் கையில் இருந்தது. 1857இல் வெள்ளை வண்டிக்காரர்கள் ஆயுதமேந்தி அவர்களைத் தாக்கினர், பலர் கொல்லப்பட்டனர். குறைந்த கூலிக்கு நம்பகமாகச் சரக்கைக் கொண்டுசேர்த்ததுதான் அவர்கள் செய்த குற்றம். வரலாற்றில் அதற்கு வண்டிப் போர் என்று பெயர். ஒரு தொழிலை ஒரு சமூகத்தின் கையிலிருந்து பறிக்கும் முயற்சி அந்நகரத்தைச் சுற்றி நடந்தது அதுவே முதல் முறை. கடைசி முறையாக அது இருக்கவில்லை. வண்டிக்காரர்களுக்கும் படைவீரர்களுக்கும் மாடு ஓட்டிகளுக்கும் இரவில் சூடான சாப்பாடு தேவைப்பட்டது. அதைக் கொடுத்தவர்கள் அந்தச் சமூகத்தின் பெண்கள்.

1880களில் அந்தச் சாப்பாட்டுக் கடைகள் நகரத்தின் அடையாளமாகிவிட்டன. பகலில் வீட்டில் சமைத்துப் பெரிய சட்டிகளில் வண்டியேற்றிக் கொண்டுவருவார்கள். பொழுது சாய்ந்ததும் நீண்ட பலகை மேசைகளும் இருபுறமும் பெஞ்சுகளும் விரியும். விளக்குகள் ஏற்றப்படும். மெஸ்கீட் விறகின் தணலில் சட்டிகள் சூடாகவே இருக்கும். மிளகாயில் வெந்த இறைச்சியான சில்லி கான் கார்னே, தமாலே, என்சிலாடா, பயறு, காப்பி என எல்லாம் சில காசுகளில் கிடைக்கும். பாடகர்கள் மேசைகளைச் சுற்றி வருவார்கள். விடிவதற்குள் எல்லாவற்றையும் மூட்டைகட்டிச் சதுக்கத்தைக் காய்கறிக்காரர்களுக்கு விட்டுவிடுவார்கள். ஒரு கடை என்பது ஒரு குடும்பத்தின் உழைப்பு: அம்மா சமைக்க, மகள் பரிமாற, பையன்கள் தண்ணீர் சுமக்க, தட்டுக் கழுவ. முதலீடு என்று சொல்ல மேசையும் சட்டியும் கைப்பக்குவமும் தவிர வேறு எதுவும் தேவையில்லை. கடன் கொடுக்க வங்கி இல்லாத பெண்களுக்கு, வாடகைக்கு இடம் கிடைக்காத குடும்பங்களுக்கு, சதுக்கம் திறந்த வாசலாக இருந்தது.

1877இல் ரயில் வந்தது. 1870இல் 12 ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த நகரத்தின் மக்கள்தொகை 1900இல் 53 ஆயிரத்தைக் கடந்தது. ரயிலில் வந்தவர்கள் எழுதத் தெரிந்தவர்கள். அவர்களுடைய முதல் எண்ணங்கள் அச்சேறின. ரயிலுக்கும் முன்பே, 1874இல், எட்வர்ட் கிங் என்ற பத்திரிகையாளர் ஸ்கிரிப்னர்ஸ் மாத இதழில் டெக்ஸாஸைப் பற்றி எழுதினார்; சான் அன்டோனியோவில் உண்ட மிளகாயின் காரத்தைப் பாம்புக் கடியோடு ஒப்பிட்டார். நாவலாசிரியர் ஸ்டீஃபன் கிரேன் 1895இல் வந்தபோது அந்தக் காரத்துக்கு நரகத்தின் நெருப்பை உவமை தேடினார். ஓ. ஹென்றியின் சிறுகதை ஒன்றிலும் அந்தச் சதுக்கத்துக் கடைகள் களமாகின. இந்த எழுத்துகளை அடுத்தடுத்துப் படித்தால் ஒரே ஒழுங்கு புலப்படுகிறது. கவர்ச்சியும் அச்சமும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. சாப்பாடு சுவையானது, ஆனால் சுடுகிறது. பரிமாறும் பெண் அழகானவள், ஆனால் நம்பத்தகாதவள். சட்டியில் இருப்பது மணக்கிறது, ஆனால் அதில் என்ன போட்டிருக்கிறார்களோ. 'மிளகாய் ராணிகள்' என்ற பெயரும் இவ்வகை எழுத்துகள் வழியே பரவியதுதான். விடியும்வரை உழைத்த குடும்பத் தாய்மாரைக் காட்சிப் பொருளாக்கிய பெயர் அது. ராணி என்ற சொல்லுக்குள் உழைப்பு மறைந்துபோயிற்று.

இந்த இரட்டை எண்ணம் காகிதத்தோடு நின்றிருந்தால் பேசவேண்டியதில்லை. அது நகரத்தின் கட்டடங்களையும் வணிகத்தையும் சட்டத்தையும் வடிவமைத்தது என்பதே நான் வலியுறுத்துவது. கவர்ச்சியின் பக்கம் வாய்ப்பைக் கண்டவர்கள் அதைச் சுவர்களுக்குள் கொண்டுபோனார்கள். அச்சத்தின் பக்கம் நின்றவர்கள் கடைகளைச் சதுக்கத்திலிருந்து அகற்றினார்கள். முதல் நகர்த்தல் 1889இல் தொடங்கியது. மிலிட்டரி பிளாசாவின் நடுவே நகராட்சி மண்டபம் எழுந்து 1891இல் முடிந்தது. கடைகள் அலமோ பிளாசாவுக்கும் பிற சதுக்கங்களுக்கும் போயின. அலமோ பிளாசாவும் நாகரிகக் கடைவீதியாக மாறியபோது மேற்குப்புறத்து ஹேமார்க்கெட் சதுக்கத்துக்கு ஒதுங்கின. கடைசியில் நகரத்தின் மையத்திலிருந்து தள்ளி, மெக்சிகோ வம்சாவளியினர் நெருக்கமாக வாழ்ந்த மேற்குப் பகுதிக்கே அந்த அடுப்புகள் போய்ச் சேர்ந்தன. அதே காலத்தில், 1893இல், சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோவின் சில்லிக் கடை ஒன்று டெக்ஸாஸின் பெருமையாக வைக்கப்பட்டது. ஊருக்குள் ஒதுக்கப்பட்டது ஊருக்கு வெளியே கொண்டாடப்பட்டது.

சுவர்களுக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் சிகாகோவைச் சேர்ந்த ஓட்டிஸ் ஃபார்ன்ஸ்வொர்த். வெள்ளையர்கள் மெக்சிகோ உணவுக்காக மேற்குப்புறத்துத் தெருக்களைத் தேடிப் போவதைக் கண்ட அவர், 1900இல் நகரத்தின் மையத்தில், லொசோயா தெருவில், 'ஒரிஜினல் மெக்சிகன் ரெஸ்டாரன்ட்' என்ற பெயரில் உணவகம் திறந்தார். 'ஒரிஜினல்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே சமைத்துக்கொண்டிருந்தவர்கள் எவரும் தம் சாப்பாட்டை அசல் என்று அழைக்கவில்லை. அவர்களுக்கு அந்தத் தேவையும் இருக்கவில்லை. அசல் என்ற சான்று வெளியாருக்கு விற்கும்போதுதான் தேவைப்பட்டது. வெள்ளை மேசைவிரிப்பும் சீருடைப் பணியாளரும் இருந்த அந்த உணவகத்தில் ஆண்கள் கோட்டு அணிந்தே அமர வேண்டும். ஒரே தட்டில் என்சிலாடா, தமாலே, சோறு, பயறு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பரவியதற்கு இந்த உணவகமே பெரும் காரணம் என்று சொல்கிறார்கள். பெயர் தெரியாத பண்டங்களைத் தனித்தனியே கேட்கத் தயங்குகிறவருக்கு அந்தத் தட்டு தயக்கத்தைப் போக்கியது. ஒரு வாயிலேயே முழுச் சமையலையும் அறிந்துவிட்ட நிறைவைத் தந்தது. இன்றும் நகரம் முழுவதும் காணும் அந்தக் கூட்டுத் தட்டு, முதல் எண்ணத்துக்காகவே அமைக்கப்பட்ட வடிவம்.

அடுத்த கட்டம் சட்டியைப் புட்டிக்குள் அடைத்தது. பக்கத்து ஊரான நியூ பிரான்ஃபெல்ஸில் கடை நடத்திய வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி, பருவத்தில் மட்டுமே கிடைத்த மிளகாயை ஆண்டு முழுவதும் கிடைக்கச் செய்யும் வழி தேடினார். 1890களில் உலர்ந்த மிளகாயைச் சீரகம் முதலிய சரக்குகளோடு அரைத்துப் பொடியாக விற்கத் தொடங்கினார். தொழிற்சாலை விரைவில் சான் அன்டோனியோவுக்கு இடம்மாறியது. பொடியோடு டப்பாவில் அடைத்த சில்லியும் தமாலேயும் நாடெங்கும் போயின. 1932இல் சார்ல்ஸ் எல்மர் டூலின் என்பவர் அதே நகரத்தில் ஒரு மெக்சிகரிடமிருந்து சோளமாவுப் பொரியலின் செய்முறையையும் கருவியையும் 100 டாலருக்கு வாங்கினார் என்பது அவர் தொடங்கிய நிறுவனத்தின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ஃப்ரிட்டோஸ் என்று உலகம் அறிந்த பண்டம் அது. கெப்ஹார்ட்டின் உழைப்பும் டூலினின் உழைப்பும் உண்மையானவை. அவர்கள் எவரையும் ஏமாற்றியதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் அந்தச் சமையல் அறிவுக்கு எங்கே விலை கூடியது என்பதைப் பார்க்க வேண்டும். மேசையோடும் சட்டியோடும் இருந்தவரை அதன் வரவு சில காசுகள். அதே அறிவு இயந்திரத்தோடும் வணிகப் பெயரோடும் சேர்ந்தபோது பெருஞ்செல்வம் பிறந்தது. இயந்திரத்துக்கும் பெயருக்கும் தேவையான மூலதனம் மேற்குப்புறத்தில் இருக்கவில்லை.

சதுக்கத்துக் கடைகளின் முடிவு 1930களில் வந்தது. சுகாதாரத் துறையின் ஆணைப்படி 1937இல் ஹேமார்க்கெட் சதுக்கத்திலிருந்து அவை அகற்றப்பட்டன. 1939இல் மேயர் மோரி மேவரிக் சுகாதார நிபந்தனைகளோடு அவற்றுக்கு மீண்டும் இடமளித்தார். 1940களின் தொடக்கத்தில், போர்க்காலத்தில், அவை நிலையாக மறைந்தன. இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். நோய் கற்பனை இல்லையே, திறந்தவெளியில் ஓடும் தண்ணீர் இல்லாமல் நூற்றுக்கணக்கானோருக்கு உணவளிப்பதைப் பொறுப்புள்ள எந்த நகராட்சி அனுமதிக்கும்? இந்த மறுப்பைத் தட்டிக்கழிக்கக் கூடாது. அந்தக் காலத்துச் சான் அன்டோனியோவில் காசநோய் கொடூரமாக இருந்தது. ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 148 பேர் அதனால் இறந்தனர். நாட்டின் சராசரி 54. தட்டுகள் ஒரே வாளித் தண்ணீரில் கழுவப்பட்டிருந்தால் அது ஆபத்துதான். கண்காணிப்பு வேண்டும் என்றவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு சொன்னார்கள் என்று நான் கருதவில்லை.

ஆனால் நோய் பிறந்த இடம் எது என்று கேட்டால் சதுக்கத்தின் மேசை முதலில் வராது. மேற்குப்புறத்து மக்கள் கழிவுநீர் வசதியும் போதிய குழாயும் இல்லாத நெருக்கமான குடிசைகளில் வாழ்ந்தார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், பீக்கன் கொட்டை உடைக்கும் கொட்டகைகளில் காற்றோட்டமில்லாமல் அமர்ந்து, பழுப்புத் தூசியைச் சுவாசித்துக்கொண்டே வேலை செய்தார்கள். அந்தத் தூசியும் காசநோய்க்குத் துணைபோனது. 1938 ஜனவரி 31 அன்று கூலிக் குறைப்பை எதிர்த்துச் சுமார் 12 ஆயிரம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இளம்பெண்ணான எம்மா தெனாயுகா அதன் முகமாக நின்றார். கடைகள் அகற்றப்பட்ட மறு ஆண்டு, அதே மக்கள், அதே பகுதி. நோய்மீது உண்மையான அக்கறை இருந்திருந்தால் கொட்டகைகளுக்குச் சன்னலும் வீடுகளுக்குச் சாக்கடையும் சதுக்கத்துக்குக் குழாயும் முதலில் வந்திருக்கும். நிபந்தனைகளோடு கடைகளை நடத்த முடியும் என்பதை 1939ஆம் ஆண்டின் அனுமதியே நிரூபித்தது. ஏழைப் பெண்களின் அடுப்பை அணைப்பது குழாய் போடுவதைவிடச் செலவு குறைந்த வழியாக இருந்தது. அச்சம் கலந்த பழைய எண்ணம் அதற்கு முன்பே நியாயம் தேடி வைத்திருந்தது.

இரண்டாவது மறுப்பு மெக்சிகோவிலிருந்தே வருகிறது. மெக்சிகோச் சொற்களுக்கு அகராதி தொகுத்த ஃபிரான்சிஸ்கோ சாந்தமரியா, 1959இல் வெளிவந்த தம் நூலில், சில்லி கான் கார்னேயை மெக்சிகோவின் பெயரைப் பொய்யாகச் சூடி அமெரிக்காவில் விற்கப்படும் அருவருப்பான உணவு என்ற பொருள்பட எழுதினார். 1972இல் டயானா கென்னடியின் 'மெக்சிகோவின் சமையல்கள்' என்ற நூல் வந்தது. இங்கிலாந்தில் பிறந்து மெக்சிகோவில் வாழ்ந்த அவர், ஊர் ஊராகச் சென்று வீட்டுச் சமையலறைகளின் அறிவைச் சேகரித்தவர். எல்லைக்கு வடக்கே கிடைக்கும் கூட்டுத் தட்டை மெக்சிகோ உணவாக எண்ணிவிடக் கூடாது என்பது அவர் உறுதி. அவருடைய பணியின் மதிப்பை நான் குறைக்கவில்லை. மெக்சிகோவின் சமையல் ஒன்றல்ல, பல என்று ஆங்கில உலகுக்குக் கற்பித்தவர்களில் அவர் முதன்மையானவர். முன்பு ரயில்பாதை ஒன்றின் சுருக்கப் பெயராக இருந்த டெக்ஸ்-மெக்ஸ் என்ற சொல் அதன்பின் உணவின் பெயராகப் பரவி, பலர் வாயில் இரண்டாந்தரத்தின் முத்திரையாயிற்று.

கென்னடியின் கொள்கையை இறுதிவரை கொண்டுபோனால் அதுவே இந்த முத்திரையை உடைக்கிறது என்பதுதான் என் பதில். மெக்சிகோவின் சமையல் வட்டாரங்களின் சமையல் என்றால், ரியோ கிராண்டே ஆற்றுக்கு வடக்கே மூன்று நூற்றாண்டுகளாக வாழும் மக்களின் சமையலும் அவ்வட்டாரங்களில் ஒன்று. 1836இல் அரசு மாறியது. சட்டியில் கொதித்தது மாறவில்லை. மஞ்சள் பாலாடைக்கட்டியும் மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய குழம்பும் பின்னர் வந்தவைதாம். ஆனால் கையில் கிடைத்த மலிவான சரக்கைக் கொண்டு பழைய பண்டத்தைச் செய்வது எல்லா ஏழைச் சமையலறைகளின் இயல்பு. ஸ்பானியர் கொண்டுவந்த பன்றிக்கொழுப்பு தமாலே மாவில் கலந்ததை யாரும் கலப்படம் என்று சொல்வதில்லை. லெபனானிலிருந்து பூஏப்லா நகரத்துக்குக் குடியேறியவர்களின் சுழலும் இறைச்சிக் கம்பியிலிருந்து பிறந்த டாக்கோ இன்று மெக்சிகோ நகரத்தின் பெருமை. மாற்றம் தெற்கே நடந்தால் வரலாறு, வடக்கே நடந்தால் போலி என்று அளப்பது நேர்மையான அளவுகோல் ஆகாது. வணிகத் தொழிற்சாலையின் டப்பாவையும் மேற்குப்புறத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வேகும் மெனுதோ என்னும் குடல்கறிச் சாற்றையும் ஒரே பெயரால் ஒதுக்குவது, மெக்சிகோவைக் காப்பதாக எண்ணிக்கொண்டு மெக்சிகரின் ஒரு கிளையை வெட்டுவதாகும்.

மூன்றாவதாக ஒன்று கேட்கப்படலாம். மெக்சிகோ வம்சாவளியினரே உணவகங்கள் நடத்தி முன்னேறவில்லையா? முன்னேறினார்கள், அந்தக் கதை இல்லாமல் இந்த வரலாறு நிறைவடையாது. 1941இல் பெத்ரோ கோர்த்தேஸும் அவர் மனைவி குரூஸும் சந்தைச் சதுக்கத்தில் மூன்று மேசைகளோடு தொடங்கிய 'மி தியெர்ரா' இன்று நூற்றுக்கணக்கானோர் அமரும் நிறுவனம். 'என் மண்' என்பது அப்பெயரின் பொருள். அது முதலில் சுற்றுலாக்காரர்களுக்காகத் திறக்கப்படவில்லை. விடியற்காலையில் சரக்கு இறக்க வந்த விவசாயிகளுக்கும் தொழிலாளருக்கும் சோறுபோட்டது. அந்த வாடிக்கையாளர்களுக்குச் சான்றோ கூட்டுத் தட்டோ வேண்டியிருக்கவில்லை. இப்படி உள்நோக்கித் திறந்த உணவகங்கள் மேற்குப்புறத்திலும் தெற்குப்புறத்திலும் நிறைய இருந்தன. காலையில் டார்ட்டியாவில் சுருட்டிய முட்டையும் உருளைக்கிழங்கும், எண்ணெயில் இட்டதும் பூரிபோல் உப்பும் டாக்கோவும் அங்கே வளர்ந்தவை. இவை சதுக்கத்துக் கடைகளின் உண்மையான வாரிசுகள். ஆனாலும் வாடகையும் உரிமமும் கட்டி மூன்று மேசை போட முடிந்தவருக்கும், ஒரு பலகையும் சட்டியும் மட்டுமே வைத்திருந்த விதவைக்கும் இடையே தூரம் உண்டு. சதுக்கம் மூடியபோது முன்னவருக்குச் சந்தை வாய்த்தது. பின்னவருக்கு வாசலே அடைந்தது. ஒருவர் வென்றதைக் காட்டி மற்றவர் இழக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை எனக்கும் பொருந்தும். சதுக்கத்துப் பெண்களை இகழ்ந்து எழுதியவர்களைப் போலவே, அவர்களைப் புகழ்ந்து எழுதுகிறவர்களும் வெளியிலிருந்து பார்ப்பவர்களே. கடைகள் அகற்றப்பட்டபோது அது இருநூறு ஆண்டு மரபின் முடிவு என்று நாளிதழ் எழுதியது. நமக்குக் கிடைக்கும் தெளிவான வருணனைகளோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தவை. விளக்கொளியும் கிதார் இசையும் நிறைந்த அந்தச் சித்திரத்தில் வேலையின் கடுமையும் குளிரும் மழையும் குடிகாரர்களின் தொல்லையும் தெரிவதில்லை. இழந்ததை அழகாக்கிப் பார்ப்பதும் ஒருவகை முதல் எண்ணம்தான். அதனால்தான் இந்த வாதத்தை அழகின்மேல் நிறுத்தாமல் உரிமையின்மேல் நிறுத்த விரும்புகிறேன். அந்தக் கடைகள் அழகாக இருந்தனவா என்பதைவிட, அவற்றை நடத்தும் உரிமை யாருக்கு இருந்தது, அதை யார் எடுத்தார்கள் என்பது முக்கியம். அதற்கான விடை வருணனைகளில் இல்லாவிட்டாலும் நகரத்தின் கட்டடங்களிலும் ஆணைகளிலும் இருக்கிறது.

1977இல் டெக்ஸாஸ் சட்டமன்றம் சில்லியை மாநிலத்தின் உணவாக அறிவித்தது. 2017இல் யுனெஸ்கோ சான் அன்டோனியோவை உணவுக்கலையின் படைப்பு நகரங்களில் ஒன்றாக ஏற்றது. இவை நியாயமான பெருமைகள். அந்தப் பெருமையோடு ஒரு கடனும் வருகிறது. இன்று அங்கே ஒரு மெக்சிகோ உணவகத்தின் வாசலில் நிற்பவர், தம் முன் வைக்கப்படும் தட்டை அசல், போலி என்று தரம்பிரிக்கும் முன், அந்தத் தட்டு நடந்துவந்த வழியை நினைத்துப் பார்க்கலாம். வீட்டிலிருந்து சதுக்கத்துக்கு, ஒரு சதுக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வெள்ளை விரிப்புக்கும் டப்பாவுக்கும் சென்ற வழி அது. சான் ஃபெர்னாண்டோ தேவாலயத்தின் பின்னால் நகராட்சி மண்டபம் இன்றும் நிற்கிறது. அதன் அடித்தளம் இறங்கியிருக்கும் மண்ணில்தான் ஒருகாலத்தில் இரவு முழுவதும் மெஸ்கீட் விறகு எரிந்தது.